ஒரு சீப்பு வெட்டாமல் நான் தொலைத்த பதினொரு வாரம்

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியின் டிசைன் பிரிவில் ஒன்பது வருடம் இருந்தேன். இம்பெல்லர், காஸ்டிங், பேரிங் ஹவுசிங் என்று எதைக் கொடுத்தாலும் கம்ப்யூட்டரில் மெஷ் போட்டு (பாகத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து), லோடு கொடுத்து, எங்கே உடையும் என்று சொல்லிவிடுவேன். 2024 தொடக்கத்தில் வேலையை விட்டுவிட்டு, வீட்டு மாடியறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு தனியாகச் சிமுலேஷன் வேலை எடுக்க ஆரம்பித்தேன். அந்த மே 30-ஆம் தேதி சென்னை அக்னிகுல் நிறுவனத்தின் ராக்கெட், ஒரே துண்டாக 3டி பிரிண்ட் செய்த இன்ஜினோடு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. அதற்கப்புறம் எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் மெட்டல் பிரிண்டிங்கைத் தவிர வேறு பேச்சில்லை. எனக்கும் ஆசை வந்தது. ஆசை வந்த நேரத்தில் ஆளும் வந்தார்கள். பெங்களூருவில் ட்ரோன் செய்யும் ஒரு சிறு நிறுவனம். கேமராவைத் தாங்கும் டைட்டானியம் கை ஒன்றை பிரிண்ட் செய்யப் போகிறார்கள். அது வளையாமல் வர என்ன செய்யவேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்ல ஆள் தேடினார்கள். 60 ஆயிரம் ரூபாய், மூன்று வாரம் என்றேன். யோசிக்கவே இல்லை. வெல்டிங்கும் காஸ்டிங்கும் பார்த்தவனுக்கு இது என்ன பெரிய விஷயம் என்ற நினைப்பு.

வேலை முடிந்தபோது பதினொரு வாரம் ஆகியிருந்தது. வாங்கிய 60 ஆயிரமும் போய், அதற்கு மேல் கையிலிருந்து 35 ஆயிரம் போயிருந்தது. அதைவிட வலித்த விஷயம் ஒன்று உண்டு, அதைக் கடைசியில்தான் கண்டுபிடித்தேன். எனக்கு முன்னால் யாராவது உட்கார்ந்து இதையெல்லாம் எழுதி வைத்திருந்தால் பாதிப் பணமாவது மிஞ்சியிருக்கும் என்று பல ராத்திரி நினைத்தேன். அதனால் எழுதுகிறேன். தலைப்பில் இருக்கும் சீப்பு, நான் முதலிலேயே பிரிண்ட் செய்து அறுத்துப் பார்த்திருக்கவேண்டிய ஒரு சின்னச் சோதனைத் துண்டு.

முதலில் விஷயம் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த மெஷினில் ஒரு கனமான பிளேட்டின் மேல் உலோகப் பவுடரை 30 மைக்ரான் கனத்துக்குப் பரப்பி, தேவையான இடத்தை மட்டும் லேசரால் உருக்குவார்கள். அப்புறம் பிளேட் 30 மைக்ரான் கீழே இறங்கும், மறுபடி பவுடர், மறுபடி லேசர். ஒவ்வொரு முறையும் மேலே உருகிய மெல்லிய உலோகம் ஆறும்போது சுருங்கப் பார்க்கிறது. கீழே ஏற்கெனவே இறுகிப்போன உலோகம் அதைச் சுருங்க விடுவதில்லை. வெயிலில் போட்ட அப்பளம் மேல்பக்கம் முதலில் காய்ந்து சுருங்கி ஓரத்தைத் தூக்குகிறதே, அதே இழுபறி. அப்பளம் சுதந்திரமாகத் தூக்கிக்கொள்ளும். பிரிண்ட் ஆகும் பாகம் பிளேட்டோடு ஒட்டியிருப்பதால் தூக்க முடியாமல் அந்த இழுப்பை உள்ளே அடக்கி வைத்துக்கொண்டிருக்கும். அதைத்தான் எஞ்சிய தகைவு என்கிறோம். பிளேட்டிலிருந்து அறுத்து எடுத்தால் அடக்கியது வெளியே வந்து பாகம் வளைந்துவிடும். கோவை ஆவாரம்பாளையத்தில் எந்த வெல்டிங் பட்டறையில் கேட்டாலும் "வெல்டிங் இழுக்கும்ங்க" என்பார்கள். இழுப்பைத் தெரிந்துகொண்டு தகட்டை முன்கூட்டியே எதிர்ப்பக்கம் கொஞ்சம் வளைத்து வைத்து வெல்டு அடிப்பார்கள். எனக்குக் கொடுத்த வேலையும் அதேதான்: எவ்வளவு வளையும் என்று கணக்குப் போட்டு, டிசைனை எதிர்ப்பக்கம் அவ்வளவு வளைத்துக் கொடுக்கவேண்டும்.

பாகம் 120 மி.மீ. நீளம், 36 மி.மீ. உயரம், கன அளவு சுமார் 60 கன செ.மீ. போல்ட் உட்காரும் இரண்டு முகங்களும் 0.2 மி.மீ.க்குள் ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும். மெஷினில் லேசர் 280 வாட், வேகம் நொடிக்கு 1,200 மி.மீ., கோட்டுக்குக் கோடு இடைவெளி 0.14 மி.மீ., லேயர் 30 மைக்ரான். டைட்டானியத்தில் 6 சதவீதம் அலுமினியம், 4 சதவீதம் வனேடியம் கலந்த, எல்லோரும் 64 என்று சொல்லும் கலவை. இதெல்லாம் ஈமெயிலில் வந்தது. வந்ததும் உட்கார்ந்துவிட்டேன். மெஷின் இருக்கும் இடத்துக்கு ஒரு போன்கூடப் போடவில்லை.

மென்பொருளுக்கு லட்சக்கணக்கில் கட்ட வழியில்லாததால் இலவசமாகக் கிடைக்கும் கால்குலிக்ஸை எடுத்துக்கொண்டேன். முதல் முயற்சி, 5 மி.மீ. சதுரத்தில் ஒரு சின்னக் கட்டி, அதன் மேல் நகரும் லேசர். 1984-இல் கனடாவில் கோல்டாக்கும் அவரோடு இருந்தவர்களும் வெல்டிங்குக்காக வகுத்த இரட்டை நீள்வட்ட வெப்ப மூலத்தைத்தான் (சூடு எந்த வடிவில் உள்ளே போகிறது என்று சொல்லும் சூத்திரம்) இன்றும் பெரும்பாலோர் எடுக்கிறார்கள், நானும் எடுத்தேன். ஓட்டினேன். 35 டிகிரியில் இருந்த கட்டி 38 டிகிரிக்கு மேல் ஏறவில்லை. டைட்டானியம் உருக 1,600 டிகிரிக்கு மேல் வேண்டும். மெஷ் பெரிதோ என்று சிறிதாக்கினேன். லேசரை உலோகம் உறிஞ்சும் அளவு தப்போ என்று கூட்டினேன். நான்கு நாள். நான்காம் நாள் ராத்திரி, மாவு அரைக்கும் சத்தத்துக்கு நடுவே, தப்பு உறைத்தது. அபாகஸ், கால்குலிக்ஸ் போன்ற மென்பொருள்களுக்கு அலகு என்றால் என்னவென்றே தெரியாது. மில்லிமீட்டரும் நொடியும், தகைவுக்கு மெகா பாஸ்கலும் என்று எடுத்துக்கொண்டால் எடை டன்னில் வரவேண்டும், திறன் மில்லிவாட்டில் வரவேண்டும். 280 வாட் என்றால் 2,80,000 என்று கொடுக்கவேண்டும். நான் 280 என்று கொடுத்திருந்தேன். ஆயிரத்தில் ஒரு பங்கு லேசர்.

பம்ப் வேலையில் எனக்கு இந்தச் சிக்கல் வந்ததே இல்லை, ஏனென்றால் அங்கே வெப்பமே கிடையாது. அதனால் ஒரு சின்னத் தாளில் எழுதி மானிட்டருக்குக் கீழே ஒட்டி வைத்திருக்கிறேன்: அடர்த்தி 4.43 என்பதைப் பத்தின் மைனஸ் 9-ஆம் அடுக்கால் பெருக்கவேண்டும். வெப்ப ஏற்புத்திறன் கிலோவுக்கு 526 ஜூல் என்றால் 52 கோடியே 60 லட்சம் என்று கொடுக்கவேண்டும். வெப்பக் கடத்துத்திறன் மட்டும் அதே எண், அதனால்தான் அது நம்மை ஏமாற்றும். ஒன்று சரியாக இருப்பதைப் பார்த்து எல்லாம் சரி என்று நினைத்துக்கொள்வோம். கதிர்வீச்சையும் சேர்த்தால் முழுப் பூஜ்ய வெப்பநிலை மைனஸ் 273 என்று சொல்லவேண்டும், இல்லாவிட்டால் செல்சியஸையே கெல்வின் என்று நினைத்து அது நாலாம் அடுக்குப் போட்டுவிடும். இன்னொரு பழக்கமும் அப்போதுதான் வந்தது. எந்த மாடலாக இருந்தாலும் ஓட்டி முடித்ததும், லேசர் மூலம் உள்ளே போன மொத்த ஜூலையும், கட்டியில் ஏறிய வெப்பத்தையும் கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கிறேன். ஐந்து நிமிட வேலை. அன்றைக்கே செய்திருந்தால் நான்கு நாள் மிச்சம்.

வெப்பநிலை சரியானதும் தலை கனத்துவிட்டது. முழுப் பாகத்துக்கும் லேசர் போகும் பாதை முழுவதையும் ஓட்டிக் காட்டுகிறேன் என்று இறங்கினேன். இதை யாரும் செய்யாதீர்கள். ஒரு கைக்கணக்குப் போட்டிருந்தாலே புரிந்திருக்கும். 60 கன செ.மீ.யை 0.14 மி.மீ. இடைவெளியில், 0.03 மி.மீ. கனத்தில் கோடு கோடாக உருக்க லேசர் மொத்தம் 14 கிலோமீட்டருக்கு மேல் ஓடவேண்டும். லேசர் புள்ளியின் அகலம் சுமார் 0.1 மி.மீ. ஒரு புள்ளி நகர ஒரு படி என்று கணக்கு வைத்தால் 14 கோடி படிகள். மெஷினுக்கு லேசர் ஓடும் நேரம் மூன்றே கால் மணி, பவுடர் பரப்ப ஏறக்குறைய அதே நேரம், ஆகமொத்தம் ஏழு மணி நேரத்துக்குள் முடிகிற வேலை. எனக்கு? 64 கோர் கொண்ட கிளவுட் மெஷினை மணிக்கு 145 ரூபாய் என்று வாடகைக்கு எடுத்து ஒன்பது நாள் ஓட்டினேன். கோரைக் கூட்டினால் வேகமும் அதே அளவு கூடும் என்று நம்பியது தனி முட்டாள்தனம். பாதிக்கு மேல் கோர்கள் சும்மா உட்கார்ந்திருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். ஒன்பதாம் நாள் காலையில் மூன்று லேயர் முடிந்து நான்காவது ஓடிக்கொண்டிருந்தது. மொத்தம் 1,200 லேயர். அந்த வேகத்தில் முடிக்க ஏறக்குறைய பத்து வருடம். பில் 31 ஆயிரம் சொச்சம். வீட்டில் இந்தத் தொகையைச் சொல்லவில்லை, கிரெடிட் கார்டு பில் வந்தபோதுதான் சொன்னேன்.

பெரிய நிறுவனங்களும் இப்படி ஓட்டுவதில்லை. பத்து, இருபது லேயரைச் சேர்த்து ஒரே கனமான லேயராக வைத்து, அதை மொத்தமாக மாடலில் உயிர்ப்பித்துக் கணக்குப் போடுவார்கள். அதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு, உள்ளார்ந்த திரிபு முறை. ஜப்பானில் உவேதா 1970-களில் வெல்டிங்குக்காகக் கொண்டுவந்தது. வெப்பத்தையே கணக்கில் எடுக்காமல், ஒவ்வொரு லேயரும் ஆறி முடித்தபின் எவ்வளவு சுருங்கப் பார்க்கும் என்ற ஒரு எண்ணை (அதுதான் திரிபு) மட்டும் வைத்துக்கொண்டு, அதை லேயர் லேயராகப் போடுவது. கால்குலிக்ஸில் இதைச் செய்ய ஒரு சின்னத் தந்திரம் போதும்: அந்தத் திரிபையே வெப்ப விரிவுக் குணகமாகக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு லேயர் சேரும்போதும் அதன் வெப்பநிலையை ஒரு டிகிரி மாற்றினால் போதும். என் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே நாற்பது நிமிடத்தில் முடிந்தது. நாற்பது நிமிடம்! சந்தோஷத்தில் குதித்தேன். அந்தச் சுருங்கும் எண்ணுக்கு எங்கே போனேன் என்று கேட்காதீர்கள். ஒரு ஆய்வுக் கட்டுரையில் இதே டைட்டானியத்துக்குப் போட்டிருந்ததை எடுத்துக்கொண்டேன். அவர்களுடைய மெஷின் வேறு, லேசர் வேறு, லேயர் கனம் வேறு.

இங்கே கலர் படத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். முதல் முறை ஓட்டியபோது பாகம் முழுக்க 2,000 மெகா பாஸ்கலுக்கு மேல் சிவப்பாகக் காட்டியது. பிரிண்ட் செய்த 64 டைட்டானியம் 1,000, 1,100 வாக்கிலேயே நிரந்தரமாக நெளிந்துவிடும். அந்த நெளிவைப் பொருள் விவரத்தில் சேர்க்க மறந்திருந்தேன். சேர்த்ததும் சிவப்பு 1,100 சுமாரில் நின்றுவிட்டது. ஆனால் மேற்பரப்பு பூராவும் அதே சிவப்பு. யோசித்துப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். மீட்சிக் குணகத்தை (பொருளின் விறைப்பைச் சொல்லும் எண்) வெப்ப விரிவாலும் 1,600 டிகிரியாலும் பெருக்கினாலே 1,500 மெகா பாஸ்கல் வருகிறது, அதாவது எந்த டிசைனாக இருந்தாலும் மேல்பக்கம் நெளியும் எல்லையைத் தொட்டே தீரும். ஆக இந்த வேலையில் தகைவுப் படத்தை வைத்து நல்ல டிசைன், கெட்ட டிசைன் என்று பிரிக்க முடியாது. கூரான மூலைகளில் திடீரென்று தெரியும் பெரிய எண்கள் சதுரக் கட்டி மெஷ்ஷின் படிக்கட்டு ஓரத்தால் வருபவை, அவற்றையும் நம்பக்கூடாது. பார்க்கவேண்டியது எவ்வளவு நகர்கிறது என்பதையும், சப்போர்ட்டில் (பாகத்தைப் பிளேட்டோடு பிடித்து வைக்கும் மெல்லிய தாங்கு கால்கள்) எவ்வளவு இழுவிசை என்பதையும்தான். நான் அப்போது அழகான சிவப்புப் படத்தை பிபிடியில் போட்டு அனுப்பினேன். கிளையண்ட் ரொம்ப மகிழ்ந்தார்.

மாடல் சொன்னது: பிளேட்டிலிருந்து அறுத்ததும் இரண்டு முனைகளும் 0.8 மி.மீ. மேலே தூக்கும். சரி, டிசைனின் முனைகளை 0.8 மி.மீ. கீழே வளைத்து ஃபைலை அனுப்பினேன். பிரிண்ட் ஆனது. இரண்டு வாரம் கழித்து பெங்களூருவிலிருந்து போன். பாகம் எதிர்ப்பக்கமாக, கீழ்நோக்கி, 0.7 மி.மீ. வளைந்திருக்கிறதாம். முதலில் நம்பவில்லை. அளந்தவர் தலைகீழாக வைத்து அளந்திருப்பார் என்றேன். போட்டோ அனுப்பினார்கள். கிரானைட் மேடையின் மேல் என் பாகம் சின்னப் பாலம் மாதிரி நடுவில் தூக்கி நின்றது, அடியில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் நுழைந்திருந்தது. அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. ப்ளஸ், மைனஸ் மாற்றிப் போட்டுவிட்டேனா என்று ஃபைலைப் பத்து முறை பார்த்தேன். குறி சரியாகத்தான் இருந்தது.

பிரிண்ட், வெப்பச் சிகிச்சை, அறுத்தல் எல்லாம் சேர்த்து 78 ஆயிரம். பாதியை நான் ஏற்கவேண்டும் என்றார் கிளையண்ட். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது. 39 ஆயிரம் கொடுத்தேன். மறுநாள் ராத்திரி வண்டி ஏறி பெங்களூரு போனேன். முதல் நாளே செய்திருக்கவேண்டிய காரியம்.

அங்கே மெஷின் ஓட்டுபவர் தர்மபுரிக்காரர், வயதில் என்னைவிடப் பத்து வருடம் மூத்தவர். டீ வாங்கிக் கொடுத்தார். என் மாடல், திரிபு எண், மெஷ் எல்லாவற்றையும் லேப்டாப்பில் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "எல்லாம் சரி சார், ஓவன்ல போட்டதுக்கப்புறம்தானே அறுக்கறோம்? அத நீங்க கணக்குல எடுத்தீங்களா?"

எனக்குக் காது அடைத்துவிட்டது. பிரிண்ட் முடிந்ததும் பாகத்தைப் பிளேட்டோடு சேர்த்து ஆர்கான் நிரம்பிய ஓவனில் 800 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைக்கிறார்கள். அந்தச் சூட்டில் டைட்டானியம் தளர்ந்து, உள்ளே அடக்கி வைத்திருந்த இழுப்பில் பெரும்பகுதியை விட்டுவிடும். அப்புறம் அறுத்தால் துள்ளுவதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது. என் மாடலில் பிரிண்ட் முடிந்த அடுத்த நொடியே அறுத்துவிட்டேன். துள்ளாத பாகத்துக்கு எதிர்வளைவு கொடுத்தால், கொடுத்த வளைவு அப்படியே தங்கிவிடும். தங்கியது. 0.8 கீழே வளைத்தது, 0.7 கீழேயே வந்தது. மிச்சம் 0.1-தான் பாகம் உண்மையில் மேலே போனது. கிளையண்டுக்குத் தேவை 0.2-க்குள். அதாவது என்னை அவர்கள் கூப்பிடாமலே இருந்து, வரைந்தபடியே பிரிண்ட் செய்திருந்தால், முதல் முறையிலேயே பாகம் சரியாக வந்திருக்கும். கடைசியில் கண்டுபிடித்ததாகச் சொன்னேனே, இதுதான் அது. அதை ஒரு டீக்கடை ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு புரிந்துகொண்டேன்.

இதில் கொடுமை என்னவென்றால் ஓவன் விஷயம் எனக்கு வந்த கொட்டேஷனிலேயே இருந்தது. மூன்றாவது வரியில் "எஸ்ஆர்" என்று போட்டிருந்தார்கள். ஸ்ட்ரெஸ் ரிலீவிங் என்பதன் சுருக்கம். நான் அதை சர்ஃபேஸ் ரஃப்னஸ், ஏதோ மேற்பரப்பை வழவழப்பாக்கும் வேலை என்று நினைத்துக் கடந்துவிட்டேன். அதனால் இந்த வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்லும் முதல் விஷயம், லேசர் வாட்டையும் வேகத்தையும் கேட்பதற்கு முன்னால், பவுடர் ஊற்றுவதிலிருந்து பாகம் கிளையண்ட் கைக்குப் போவது வரை என்னென்ன நடக்கிறது என்று வரிசையாகச் சொல்லச் சொல்லி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஓவனா அறுப்பதா, எது முதலில்? ஓவனில் எத்தனை டிகிரி, எத்தனை மணி? பிளேட் எவ்வளவு கனம், எத்தனை போல்ட்டில் பிடித்திருக்கிறது? பிளேட்டை எத்தனை டிகிரிக்குச் சூடாக்கி ஆரம்பிக்கிறார்கள்? இதெல்லாம் எண்ணை மாற்றும். 35 டிகிரியில் ஆரம்பிப்பதும் 200 டிகிரியில் ஆரம்பிப்பதும் ஒன்றல்ல. எலெக்ட்ரான் கற்றையால் உருக்கும் மெஷின்களில் டைட்டானியப் பவுடர் படுக்கையே 600, 700 டிகிரியில் இருக்கும், அங்கே எஞ்சிய தகைவு ரொம்பக் குறைவு. அதே பிளேட்டில் வேறு பாகங்களும் சேர்ந்து ஏறுகின்றனவா என்றும் கேளுங்கள். தனியாக ஏறினால் லேயருக்கு லேயர் ஆற நேரம் குறைவு, சூடு தேங்கும். கூட்டமாக ஏறினால் நன்றாக ஆறிவிடும்.

தர்மபுரி அண்ணன் இன்னொன்றும் காட்டினார். என் பாகத்தை அறுத்த பிளேட்டை இன்னும் மழிக்காமல் வைத்திருந்தார். ஒரு மூலையில் சப்போர்ட் பல்லு பல்லாக பிளேட்டிலிருந்து பிய்ந்து, நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. "இன்னும் கொஞ்சம் தூக்கியிருந்தா பிளேடு இடிச்சிருக்கும் சார்" என்றார். பவுடரைப் பரப்பும் பிளேடு, தூக்கிய ஓரத்தில் இடித்தால் பிரிண்ட் அங்கேயே நின்றுவிடும். அறையில் திரும்பி வந்து மாடலைத் திறந்தேன். கடைசிப் படியை மட்டுமே பார்த்திருந்தேன், நடுப்படிகளைத் திறந்ததே இல்லை. 14 மி.மீ. உயரத்தில் அதே மூலையில் சப்போர்ட்டில் இழுவிசை மற்ற இடங்களைப் போல மூன்று மடங்கு இருந்தது. மாடல் சரியாகச் சொன்ன ஒரே விஷயத்தை நான் பார்க்கவே இல்லை. இப்போதெல்லாம் கடைசிப் படத்தைப் பார்க்கும் முன், ஒவ்வொரு லேயரிலும் மேல்நோக்கி எவ்வளவு தூக்குகிறது என்று ஒரு கிராஃப் போடுகிறேன். லேயர் கனத்தைத் தாண்டும் இடத்தில்தான் என் கவனம் போகும்.

சரி, எண்ணை எப்படி நம் மெஷினுக்கு ஏற்ப எடுப்பது? அதற்குத்தான் சீப்பு. 70 மி.மீ. நீளம், 12 மி.மீ. அகலம், 9 மி.மீ. உயரத்தில் ஒரு சின்னப் பாளம், அடியில் சீப்புப் பல் மாதிரி கால்கள், ஒரு முனையில் மட்டும் திடமான கட்டை. பெயர் கான்டிலீவர், சீப்பு என்று பெயர் வைத்தது கோவையின் கணபதி பகுதியில் வயர்கட் (மின்சாரம் பாயும் கம்பியால் உலோகத்தை அறுக்கும் மெஷின்) வைத்திருக்கும் அண்ணன். பிரிண்ட் செய்து, பற்களை மட்டும் வயர்கட்டில் அறுத்தால், கட்டைப் பக்கம் பிளேட்டோடு இருக்க, மறுமுனை மேலே தூக்கும். எவ்வளவு தூக்குகிறது என்று அளந்து, மாடலும் அதே அளவு தூக்கும் வரை திரிபு எண்ணை மாற்றவேண்டும். அவ்வளவுதான் விஷயம். இரண்டு சீப்பு அடிக்க 18 ஆயிரம் ஆனது, சொந்தக் காசு. அங்கே வயர்கட்டில் இரண்டு வாரக் காத்திருப்பு என்றதால் பிளேட்டையே கோவைக்குத் தூக்கி வந்தேன். 250 மி.மீ. சதுர டைட்டானியம் பிளேட், ஏழு கிலோ. ரயிலில் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தேன். பக்கத்து பெர்த் பெரியவர் என்னப்பா அது என்று கேட்டார், சீப்பு என்றேன்.

கணபதி அண்ணன் பிளேட்டைப் பிடித்து, தண்ணீரை ஏற்றி, கம்பியை ஓட்டினார். ஒவ்வொரு பல்லாக அறுந்துகொண்டு போனது. முக்கால் மணி நேரம் கழித்துத் தண்ணீரை இறக்கியபோது முனை தூக்கி நிற்பது கண்ணுக்கே தெரிந்தது. "என்னங்க தம்பி, அதுவா எந்திரிச்சு நிக்குது" என்றார். டயல் வைத்துப் பார்த்தோம், 1.4 மி.மீ. கட்டுரையிலிருந்து எடுத்த எண்ணைப் போட்டால் என் மாடல் 2.1 என்றது. ஒன்றரை மடங்கு தப்பு. ஓவன் விஷயம் இல்லாமல் இருந்திருந்தாலும் என் எதிர்வளைவு தப்பாகவே போயிருக்கும் என்று அப்போது தெரிந்தது. அப்புறம் பிளேட்டை, இரண்டாவது சீப்பு அறுக்காமல் நிற்க, பெங்களூரு ஓவனுக்கு அனுப்பி, திரும்பி வந்ததும் அதையும் அறுத்தோம். 0.1 மி.மீ.கூட முழுதாகத் தூக்கவில்லை. அண்ணன் ஏமாந்துபோனார். எனக்கு மட்டும் வயிற்றில் ஏதோ இறங்கிய மாதிரி இருந்தது. இந்த இரண்டு சீப்பையும் முதல் வாரத்திலேயே அடித்திருந்தால் மொத்தக் கதையும் அங்கேயே முடிந்திருக்கும்.

சீப்புக்குக்கூட வழியில்லாமல் பழகிப்பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. அமெரிக்காவின் அளவைத் தர நிறுவனமான நிஸ்ட், ஏஎம் பெஞ்ச் என்ற பெயரில் 2018-இல் இதற்கென்றே பாகங்கள் அடித்து அளந்து வைத்திருக்கிறது. இன்கோனல் 625 என்ற நிக்கல் கலவையிலும், 15-5 என்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் 75 மி.மீ. நீளத்தில் கால்கள் கொண்ட பாலம் மாதிரிப் பாகங்கள். என்ன லேசர், என்ன வேகம், உள்ளே தகைவு எவ்வளவு, கால்களை அறுத்தபின் எவ்வளவு தூக்கியது என்று எல்லா அளவும் இலவசமாகக் கிடைக்கிறது. காசு வாங்கி வேலை எடுப்பதற்கு முன் அந்தப் பாலத்தை உங்கள் மாடல் சரியாகத் தூக்குகிறதா என்று பாருங்கள். நான் அதைக் கேள்விப்பட்டதே எட்டாவது வாரத்தில்.

இரண்டாவது பிரிண்டுக்கு நான் கொடுத்த ஃபைலில் எதிர்வளைவே இல்லை. வரைந்தபடியே. பிய்ந்த மூலையில் மட்டும் மெல்லிய சப்போர்ட்டை எடுத்துவிட்டுத் திடமான கட்டை வைக்கச் சொன்னேன். மாடலில் ஓவனையும் சேர்த்து ஓட்டியபோது 0.09 என்றது, பாகம் 0.12-இல் வந்தது. கிளையண்ட் மீதிப் பணத்தைக் கொடுத்தார். கணக்கை முடித்துப் பார்த்தேன்: கிளவுட் 31, பிரிண்டில் பாதி 39, சீப்பு 18, வயர்கட் இரண்டரை, போக்குவரத்து நாலரை, எல்லாம் ஆயிரத்தில். மொத்தம் 95 ஆயிரம் செலவு, 60 ஆயிரம் வரவு.

இப்போது என் கொட்டேஷனில் முதல் வரியே "சீப்பு அடித்து அளப்பது, கிளையண்ட் செலவு" என்பதுதான். போன மாதம் ஓசூரிலிருந்து அலுமினியப் பாகம் ஒன்றோடு ஒருவர் வந்தார். அந்த வரி எதற்கு, அதை எடுத்துவிட்டால் விலை குறையுமே என்றார். நான் விலையைப் பற்றிப் பேசவில்லை. ஓவனுக்கு முன்னால் அறுப்பீர்களா, பின்னால் அறுப்பீர்களா என்று கேட்டேன். கேட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்தார். மூன்று நாள் கழித்து, அவர்கள் பிரிண்ட் செய்யும் இடத்தில் ஓவனே இல்லை, வெளியே அனுப்புகிறார்கள், சில சமயம் முன்னால், சில சமயம் பின்னால் என்று பதில் வந்தது. கணபதி அண்ணனுக்குப் போன் போட்டு, அடுத்த வாரம் நாலு சீப்பு வரும் என்று சொல்லி வைத்தேன்.